வம்சாவளியில் பாட்டிகள் எங்கே?

கிரகப்பிரவேசத்துக்கோ காதுகுத்துக்கோ போனால் சில வீடுகளில் ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் தொங்கும்: "எங்கள் வம்சாவளி". உச்சியில் மீசை வைத்த ஒரு தாத்தா. கீழே மகன், பேரன், கொள்ளுப்பேரன் என்று ஏழு தலைமுறை. பெண் பெயர் ஒன்றுகூட இருக்காது. ஆண்களே ஆண்களைப் பெற்று வளர்த்தார்கள் போல! இதைத்தான் நம் பாரம்பரியம் என்று எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. ஒருவருக்குப் பெற்றோர் 2 பேர், தாத்தா பாட்டிகள் 4 பேர், அதற்கு மேலே 8, 16, 32. ஐந்து தலைமுறையில் மொத்தம் 62 இடங்கள். அப்பா, அப்பாவின் அப்பா என்று மட்டுமே ஏறினால் கிடைப்பது 5 பேர். மீதி 57 இடங்கள் அம்போ. (அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டுகிற ஊரில் ஒரே ஆள் இரண்டு இடத்தில் வருவார், எண்ணிக்கை குறையும். அதற்காக ஐந்தாகவா குறையும்?)

இந்த முறை எவ்வளவு அபத்தம் என்பதற்கு ஓசூரை அடுத்த தொரப்பள்ளியே சாட்சி. 1878-ல் ராஜாஜி பிறந்த ஊர். அவர் மகள் லட்சுமிக்கும் காந்தியின் மகன் தேவதாஸுக்கும் 1933-ல் கல்யாணம் நடந்தது. அவர்கள் மகன் கோபாலகிருஷ்ண காந்தி 2004 முதல் 2009 வரை மேற்கு வங்க ஆளுநர். சுதந்திரத்துக்குப் பின் 1947-ல் அந்த மாநிலத்தின் முதல் ஆளுநர் யார்? அவருடைய அம்மாவின் அப்பா ராஜாஜி! ஃப்ளெக்ஸ் முறையில் எழுதினால் காந்தி, தேவதாஸ், கோபாலகிருஷ்ணன், முடிந்தது கதை. லட்சுமியும் இல்லை, தொரப்பள்ளியும் இல்லை.

பெரிய இடத்துக்கே இந்தக் கதி என்றால் சாதாரணக் குடும்பங்களைக் கேட்கவே வேண்டாம். அதிலும் ஓசூர் பக்கம் ஆண் வழி மட்டும் எழுதினால் பாதி வரலாறு காலி. 1799-ல் திப்பு வீழ்ந்த பிறகுதான் இந்தப் பகுதி மைசூரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அப்புறம் சேலம் மாவட்டம், 1965-ல் தர்மபுரி, 2004-ல் கிருஷ்ணகிரி. வீடு மாறாமலேயே தாத்தா, அப்பா, பேரன் மூவரும் மூன்று மாவட்டங்களில் பிறந்திருக்கலாம். ஆண்கள் நிலத்தோடு உட்கார்ந்திருக்க, ஆனேக்கல்லிலிருந்தும் குப்பத்திலிருந்தும் வாழ வந்த பெண்கள் எல்லை தாண்டித் தங்கள் மொழியையும் சமையலையும் கொண்டுவந்தார்கள். ஒரே ராகிக் களி, ஒருத்திக்கு முத்தே, இன்னொருத்திக்கு சங்கட்டி. சொந்தத்துக்குள்ளேயே ஒரு வீட்டில் பாட்டி, ஒரு வீட்டில் அவ்வா, ஒரு வீட்டில் அஜ்ஜி. சிப்காட் வந்தபின் வேலைக்கு வந்து இங்கேயே பெண்ணெடுத்துத் தங்கியவர்கள் கதை தனி. மீசைத் தாத்தா படத்தில் இதெல்லாம் எங்கே தெரிகிறது?

"குலதெய்வமும் பங்காளி முறையும் ஆண் வழியில்தானே வருகிறது?" என்று கேட்பார்கள். வரட்டும். கோயில் வரி வசூலிக்க அந்தப் பட்டியல் தேவைதான். ஆனால் அதன் பெயர் பங்காளிப் பட்டியல், குடும்ப வரலாறு இல்லை. அதை வைத்துக்கொண்டு "நாங்கள் ஆண்ட பரம்பரை" என்று மார்தட்டுவது இன்னும் வேடிக்கை. எந்த வம்சாவளியிலாவது உச்சியில் ஒரு கூலிக்காரர் இருந்து பார்த்ததுண்டா?

அவசரம் எங்கே என்றால், ஆண்கள் பெயராவது பழைய பட்டாவிலும் பத்திரத்திலும் கிடக்கும், ஐம்பது வருஷம் கழித்தும் தேடி எடுக்கலாம். பாட்டியின் அம்மா பெயர், அவள் பிறந்த ஊர், பேசிய மொழி எல்லாம் பெரும்பாலும் எந்தக் காகிதத்திலும் இல்லை, பாட்டியின் ஞாபகத்தில் மட்டும்தான். பாட்டி போனால் அதுவும் போச்சு. அதனால் குடும்ப மரம் வரையக் கிளம்புகிறவர்கள் கணினியைத் திறப்பதற்கு முன்னால் அடுப்படிக்குப் போய் உட்காரட்டும். எழுதியதை ஊருக்கெல்லாம் பகிரும்போது உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதியையும் முகவரியையும் விட்டுவிடட்டும்.

அடுத்த ஃப்ளெக்ஸில் அந்த மீசைத் தாத்தா பக்கத்தில் அவர் மனைவிக்கும் ஒரு கட்டம் போடுங்கள். பெயர் தெரியவில்லையா? காலியாகவே விடுங்கள். விருந்துக்கு வந்த யாராவது ஒரு கிழவி பார்த்துவிட்டு, "அவ பேரு எனக்குத் தெரியுமே" என்று சொல்லக்கூடும்.