அளவு முதலில், அழகு பிறகு!

கடலில் முங்குகிறவர்களுக்கென்று ஜப்பானின் ஸெய்கோ கம்பெனி முதன்முதலாகக் கைக்கடியாரம் வெளியிட்டது 1965-ல். அந்தக் காலத்து அழகில் மயங்கி, கேஸ், டயல், முள் என்று தனித்தனியே வாங்கிக் கடியாரம் சேர்க்க உங்கள் பிள்ளை ஆரம்பித்திருக்கலாம். ஏன், நீங்களே ஆரம்பித்திருக்கலாம். நல்ல பொழுதுபோக்குத்தான். ஆனால், ரவிக்கை தைப்பது போல இதிலும் அளவுதான் முதலில்.

முள் எந்த இயந்திரத்துக்கு என்று கேட்டு வாங்குங்கள். ஸெய்கோவின் என்.எச்.35-க்கு மணி முள்ளின் துவாரம் 1.5 மில்லிமீட்டர், நிமிஷ முள் 0.9, வினாடி முள் 0.2. ஸ்விஸ் நாட்டு ஈ.டி.ஏ. 2824-க்கு முதலிரண்டும் அதே அளவு. வினாடி முள் மட்டும் 0.25. இந்த நூலிழை வித்தியாசம் போதும், முள் தொளதொளத்துக் கழன்று விழ!

இன்னொன்று, சகோதரிகளே! அசல் பழைய முள்தான் வேண்டும் என்று அலையாதீர்கள். 1960-க்கு முற்பட்டவற்றில் ஒளிரும் பூச்சு ரேடியமாக இருக்கலாம். இருட்டில் மினுங்கவில்லையே என்று ஏமாற வேண்டாம். கெட்டுப்போனது அதனுடன் கலந்த துத்தநாக ஸல்ஃபைடுதான். ரேடியம் பாதியாகக் குறையவே சுமார் 1,600 ஆண்டுகள் ஆகும். சுரண்டினால் தூள் மூச்சோடு உள்ளே போய்விடும். குழந்தைகள் உள்ள வீட்டில் அந்த வேலை வேண்டவே வேண்டாம். பழசு போல இளமஞ்சள் பூச்சிட்ட புது முள் கிடைக்கிறது, அது போதும்.

கடியாரம் தயாரானதும், அழுத்தப் பரிசோதனை செய்யாமல் தண்ணீரில் இறங்க விடாதீர்கள். டயலில் '200 மீட்டர்' என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத் தண்ணீர் பயந்து திரும்பிப் போய்விடுமா, என்ன?