இளவரசிக்கும் ஓடக்காரிக்கும் ஒரே தமிழா?

நம் வரலாற்று நாவல்களில் அரண்மனையும் படகுத்துறையும் ஏறக்குறைய ஒரே தமிழைப் பேசுகின்றன. கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னில் (1950-54) இளவரசி குந்தவையும் ஓடக்காரி பூங்குழலியும் குணத்தால் வேறு வேறு, பேச்சால் அவ்வளவாக இல்லை. எல்லா மாவட்டத்து வாசகருக்கும் எட்ட வேண்டிய வாரத் தொடருக்கு அந்த நடை பொருந்தியது. பின்னால் வந்த பலர் அதையே இலக்கணமாக்கிக்கொண்டதுதான் பிழை.

கல்கிக்கு முன்னோடியாக விமர்சகர்கள் சொல்லும் வால்டர் ஸ்காட் வேறு வழியில் போனவர். 1818இல் வெளிவந்த ‘தி ஹார்ட் ஆஃப் மிட்லோதியன்’ நாவலில், மாடு வளர்ப்பவரின் மகள் ஜீனி டீன்ஸ், மரண தண்டனை பெற்ற தங்கைக்காக ஸ்காட்லாந்திலிருந்து லண்டன் போகிறாள். அரசியிடம் தன் ஊர்ப் பேச்சிலேயே மன்றாடுகிறாள். அரசியின் மனம் இளகுவது அந்தப் பேச்சில்தான்.

தமிழில் அந்தத் துணிவு கி. ராஜநாராயணனுக்கு இருந்தது. தெலுங்கு நாட்டிலிருந்து வந்து கரிசல் காட்டைத் திருத்திக் குடியேறியவர்களின் கதை ‘கோபல்ல கிராமம்’ (1976). ஒரு மூதாட்டியின் நினைவே அங்கே கல்வெட்டு. ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004) பரதவர்களின் மூன்று தலைமுறையைக் கடற்கரைப் பேச்சிலேயே சொல்கிறது. புதிதாக வாசிப்பவர் முதலில் திணறுவார். இருபது பக்கம் பொறுத்தால் காது பழகிவிடும்; பிறகு அந்த மக்களை வேறு தமிழில் நினைத்துப் பார்க்கவே முடியாது.

சென்னையை அடுத்த எங்கள் வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டைப் பக்கத்தில் ‘வந்துகினு கீறேன்’, ‘இட்டாந்தேன்’ என்று பேசுவோரை சினிமா பெரும்பாலும் அடியாளாகவும் சிரிப்பு மூட்டுபவராகவுமே காட்டியது. ஜெயகாந்தன் சென்னைச் சேரிப் பேச்சுக்கு இலக்கிய மதிப்புத் தேடித் தந்தார். அவர் சொன்னது தன் காலத்துக் கதை. இந்தப் பேச்சில் பழங்காலக் கதைகளும் வர வேண்டும். கதைக்கா பஞ்சம்? 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இந்த வழியாகத்தான் போனது. அந்தத் தண்டவாளத்துக்கு மண் சுமந்தவர்களும், 1944இல் முடிந்த பூண்டி நீர்த்தேக்கத்தில் வேலை செய்தவர்களும் காதலித்திருப்பார்கள், ஊரை எதிர்த்திருப்பார்கள், பிரிந்து அழுதிருப்பார்கள். அவர்கள் வாயில் மேடைத் தமிழை வைத்தால் அவர்களையே அழித்துவிடுகிறோம்.

பதிப்பாசிரியர்கள் உரையாடலைத் ‘திருத்த’ வேண்டாம். புரியாத சொற்களுக்குப் பின்னிணைப்பு போதும். கல்லூரி ஆசிரியர்கள் வட்டார நாவல்களை வகுப்பில் வாய்விட்டுப் படிக்கச் சொல்லட்டும். எழுத வரும் இளைஞர்கள் முதலில் தங்கள் தெருவில் எண்பது வயதைத் தாண்டியவர்களிடம் உட்கார்ந்து, அவர்கள் பேசுவதைப் பதிவு செய்யட்டும். சோழர் காலத்துக்கு நூலகம் காத்திருக்கும். இவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

(கட்டுரையாளர், தமிழ் நாவல் ஆய்வாளர், வேப்பம்பட்டு)