செடியிலிருந்து வந்தால் போதுமா?

வீட்டிலேயே சென்ட் கலக்கும் ஆசை இப்போது பலருக்கும் வந்திருக்கிறது. மல்லிகை, சந்தனம், வெட்டிவேர், லாவெண்டர் என்று பத்து மில்லி புட்டிகள் வாங்கிக் குவிக்கிறார்கள். கூடவே ஒரு வேதவாக்கும் இலவசமாகக் கிடைக்கிறது: ‘கடையில் விற்கும் சென்ட் ரசாயனம், இது செடியிலிருந்து எடுத்தது. அதனால் தூயது, தோலுக்குத் தீங்கற்றது, பூமிக்கும் நல்லது.’ தாவர மணங்கள் அருமையானவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. அந்த ‘அதனால்’ என்ற சொல்லைத்தான் ஏற்க முடியவில்லை.

‘தூயது’ என்பதிலிருந்து தொடங்குவோம். மல்லிகையை வெட்டிவேர் போல நீராவியில் வடித்தால் மணத்தின் பெரும்பகுதி கெட்டுவிடும். அதனால் கோவை, சத்தியமங்கலம், திண்டுக்கல் வட்டாரத்து சென்ட் ஃபேக்டரிகளில் பூவை ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறவைத்து மணத்தை இறக்குகிறார்கள். ஹெக்சேன் பெட்ரோலியத்திலிருந்து வருவது. அதை ஆவியாக்கிய பின் மிஞ்சும் மணமுள்ள மெழுகுக்கு கான்கிரீட் என்று பெயர். அதை எத்தனாலில் அலசி மெழுகை நீக்கினால் கிடைப்பது அப்சல்யூட். ‘ரசாயனம் தொடாத மல்லிகை அப்சல்யூட்’ என்று லேபிளில் இருந்தால், எழுதியவருக்கு விஷயம் தெரியவில்லை, அல்லது நமக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

விலையையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ அப்சல்யூட்டுக்கு ஏறத்தாழ 700 கிலோ பூ வேண்டும். பத்து கிராமுக்கு ஏழு கிலோ. பூ விலை விழுந்து கிலோ 100 ரூபாய்க்குப் போகும் நாளில்கூடப் பூவுக்கு மட்டுமே 700 ரூபாய் ஆகிறது. முகூர்த்த நாள் விலையைச் சொல்லவே வேண்டாம். அப்படியிருக்க, ‘சுத்தமான மல்லிகை எண்ணெய்’ 150 ரூபாய்க்குக் கிடைத்தால் புட்டிக்குள் இருப்பது என்ன? பெரும்பாலும் செயற்கை மணக் கலவை, அல்லது ஏதோ எண்ணெயில் கலந்த சில துளி அப்சல்யூட். ரசாயனம் வேண்டாம் என்று ஓடியவர், அதையே வேறு பெயரில் காசு கொடுத்து வாங்கி வருகிறார்.

‘தோலுக்குத் தீங்கற்றது’ என்பது இதைவிட ஆபத்தான நம்பிக்கை. பெர்கமாட், எலுமிச்சை போன்றவற்றின் தோலைப் பிழிந்தெடுத்த எண்ணெயில் ஃபியூரோகூமரின் என்ற பொருட்கள் உண்டு. பூசிக்கொண்டு வெயிலில் நின்றால் தோல் வெந்து கறுத்துவிடும். பன்னாட்டு மணப்பொருள் சங்கமான இஃப்ரா, தோலில் தங்கும் பொருட்களில் பிழிந்த பெர்கமாட் எண்ணெய்க்கு 0.4 சதவீதமே உச்சவரம்பு வைத்திருக்கிறது. அதே எலுமிச்சையை ஆவியில் வடித்தால் இந்தச் சிக்கல் இல்லை. செடி ஒன்றுதான், எடுத்த முறைதான் வேறு.

பட்டை எண்ணெயிலுள்ள சின்னமால்டிஹைடும் கிராம்பு எண்ணெயிலுள்ள யூஜெனாலும் பலருக்கு ஒவ்வாமை தருபவை. லேபிளில் பெயர் சொல்லியே ஆக வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் பட்டியலிட்ட 26 மணப்பொருட்களில் பெரும்பாலானவை செடிகளில் இயல்பாகவே இருப்பவை. லாவெண்டரின் லினலூலும் ஆரஞ்சுத் தோலின் லிமோனீனும் அந்தப் பட்டியலில் உண்டு. திறந்து வைத்த புட்டியில் காற்றுப் பட்டு இவை மாறும்போது ஒவ்வாமை தரும் தன்மை இன்னும் கூடுகிறது. ‘இயற்கைதானே’ என்று நீர்க்காத எண்ணெயை நேராகக் கழுத்தில் தடவுவதும், பழைய புட்டியை வருடக்கணக்கில் வைத்திருப்பதும் இந்த நம்பிக்கையின் விளைவுகள்.

மறுபுறம், செயற்கை என்றாலே நஞ்சா? வெனிலா நெற்றில் இருக்கும் வெனிலினும் ஆலையில் செய்யும் வெனிலினும் ஒரே மூலக்கூறுதான். எங்கே பிறந்தது என்று தோலுக்குத் தெரியாது. 1874இல் முதன்முதலாக அதைச் செயற்கையாக ஆக்கியபோது மூலப்பொருளாக இருந்ததே பைன் மரத்துச் சாறு. 1889இல் கெர்லைன் நிறுவனம் வெளியிட்ட ஜிக்கி என்ற சென்ட், லாவெண்டரோடு ஆலை வெனிலினையும் கூமரினையும் சேர்த்தது. இயற்கையும் ஆலையும் ஒரே புட்டியில் குடியேறி நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. செயற்கைப் பொருட்களிலும் தவிர்க்க வேண்டியவை உண்டு. அவற்றையும் பெயர் சொல்லித்தான் தவிர்க்க வேண்டும்.

‘பூமிக்கு நல்லது’ என்ற வாதமும் நிற்கவில்லை. சந்தனத்தில் மணமுள்ள எண்ணெய் இருப்பது நடுக்கட்டையான வைரத்திலும் வேரிலும்தான். பல்லாண்டு வளர்ந்த மரத்தை வேரோடு பிடுங்கித்தான் அதை எடுக்க முடியும். காட்டுச் சந்தனம் இன்று அழிவாய்ப்புள்ள இனம். லினலூலுக்காக அமேசான் காட்டில் ரோஸ்வுட் மரங்கள் வெட்டித் தள்ளப்பட்டன; 2010இல் அந்த மரம் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தது. அதன்மேல் இருந்த சுமையைக் குறைத்ததில் ஆலையில் செய்த லினலூலுக்கும் பங்கு உண்டு.

இவ்வளவுக்குப் பிறகும் தாவர மணத்தைத் தேடுவதற்கு நல்ல காரணம் ஒன்று இருக்கிறது: அதன் ஆழம். மல்லிகை அப்சல்யூட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட கூறுகள் கலந்திருக்கின்றன. அவற்றில் இண்டோல் தனியாக முகர்ந்தால் முகம் சுளிக்க வைக்கும்; மற்றவற்றோடு சேர்ந்தால் மணத்துக்கு ஆழம் தரும். அந்த ஆழத்தை மலிவான கலவை எதுவும் தருவதில்லை. வடநாட்டில் ஜான்பூர் பக்கம் எள்ளையும் சமேலி என்னும் ஜாதிமல்லிப் பூவையும் அடுக்கடுக்காக வைத்து, பூவை மாற்றி மாற்றி, எள்ளில் மணம் ஏறிய பின் ஆட்டி எண்ணெய் எடுத்தார்கள். கரைப்பானும் அடுப்பும் இல்லாத இந்த முறையை வீட்டில் செய்து பார்க்கலாம். பூவைத் தேங்காய் எண்ணெயில் போட்டுக் காய்ச்சுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆகவே புட்டி வாங்கும்போது ஐந்து கேள்விகள் போதும். எந்த இனம்: குண்டுமல்லியா, ஜாதிமல்லியா? எந்தப் பாகம்: இலையா, பட்டையா, வேரா? எப்படி எடுத்தது: வடித்ததா, பிழிந்ததா, கரைத்ததா? எப்போது எடுத்தது? ஆய்வக அறிக்கை உண்டா? இவற்றுக்கெல்லாம் ‘இது நேச்சுரல்’ என்ற ஒற்றைப் பதில்தான் வருமென்றால், அடுத்த கடையைப் பார்ப்பதே நல்லது.