அட்டவணையில் விட்டுப்போன எண்



ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கத்து வாசகர்களுக்கு இந்த வாரம் ஒரு வேலை. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர் ஒருவராவது இருப்பார். '12 ஜோடி ஷூவை ஒரு அட்டைப்பெட்டியில் எத்தனை விதமாக வரிசைப்படுத்தி அடுக்கலாம்?' என்று அவரிடம் கேளுங்கள். ஒரே வரிசையாக 12 வைக்கலாம். இரண்டு வரிசை என்றால் ஆறாறு. மூன்று வரிசை என்றால் நான்கு நான்கு. இன்னும் ஒரே ஒரு ஜோடி சேர்த்து 13 ஆக்கினால்? ஒரே நீள வரிசைதான். அந்த நீளத்துக்குப் பெட்டி செய்தால் லாரிக்காரர் நம்மைத் திட்டுவார்!

13 பகா எண். 12 பகு எண், அதிலும் தனி ரகம். 1, 2, 3, 4, 6, 12 என்று அதற்கு ஆறு காரணிகள். அதைவிடச் சின்ன எண் எதற்கும் ஆறு கிடையாது. இப்படித் தனக்கு முன்னால் உள்ள எல்லோரையும் காரணிகளின் எண்ணிக்கையில் தோற்கடிக்கும் எண்களை 'உயர் பகு எண்கள்' என்று சொல்லலாம். 24, 36, 48, 60 எல்லாம் இந்தக் கூட்டம்தான். நம் கடிகாரத்தில் 24 மணி, 60 நிமிடம் இருப்பதைக் கவனித்தீர்களா?

இந்த எண்களைத் துருவித் துருவி ஆராய்ந்தவர் நம் கணித மேதை ராமானுஜன். ஆம்பூரில் கோவை ரயில் ஏறினால் வழியில் வருமே ஈரோடு, அங்கேதான் 1887இல் பிறந்தார். 1915இல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் இவற்றைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். இந்த ஆராய்ச்சிக்காகத்தான் 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது.

கட்டுரையில் 102 எண்கள் கொண்ட ஓர் அட்டவணை உண்டு. கடைசி எண் 6746328388800. மூச்சைப் பிடித்துக்கொண்டு படியுங்கள்: ஆறு லட்சத்து எழுபத்து நான்காயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு! இதற்குக் காரணிகள் 10,080.

ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதில்லை. 12 என்பது 2×2×3. ஒரு காரணியில் 2 வராமல் இருக்கலாம், ஒருமுறை வரலாம், இருமுறை வரலாம், மூன்று வழி. 3 வரலாம், வராமலும் இருக்கலாம், இரண்டு வழி. 3×2=6. அவ்வளவுதான். நம் ராட்சத எண்ணில் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5உம் 7உம் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறை வருகின்றன. ஆகவே 7×5×3×3×2×2×2×2×2. சின்னப் பகா எண் அதிக முறை, பெரியது குறைந்த முறை என்று படிக்கட்டு மாதிரி இறங்குகிறது பாருங்கள். எல்லா உயர் பகு எண்ணிலும் இந்தப் படிக்கட்டு ஏறாது என்று நிரூபித்தார் ராமானுஜன். கடைசிப் படியில் நிற்கும் பகா எண் ஒரே முறைதான் வரும். 4, 36 இரண்டும் மட்டும் விதிவிலக்கு.

இனிதான் விஷயமே. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் கையால் போட்ட அந்த அட்டவணையில் ஓர் எண் விட்டுப்போயிருக்கிறது! 293318625600. இதற்கு 5,040 காரணிகள். அட்டவணையில் இருந்திருக்க வேண்டிய எண், இல்லை. அதனால் அவர் நிரூபித்தது எதுவும் பொய்யாகிவிடவில்லை. ஆறாம் வகுப்பில் சிவப்பு மை பட்ட கணக்கு நோட்டை அப்பா கண்ணில் படாமல் அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தவன் நான். இந்த எண்ணைப் பற்றி அப்போதே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா!

விட்டுப்போன அந்த எண்ணை 23ஆல் பெருக்குங்கள். நோட்டில்தான். விடையின் 13 இலக்கங்களுக்கு வீட்டுக் கால்குலேட்டரில் இடம் இருக்காது. வருவது எது தெரியுமா? அட்டவணையின் அதே கடைசி எண்!