மருத்துவக் காப்பீடும் நம் அங்கத்தினரும்

செல்லூரில் தறி நடத்தும் நெசவாளரும், மேலூர், உசிலம்பட்டிப் பக்கங்களில் நெல்லும் மல்லிகையும் பயிரிடும் குடியானவரும் வெவ்வேறு தொழிலினர் ஆயினும், இருவருக்கும் உடம்பே முதல். உடம்பு படுத்துவிட்டால் வருமானம் நின்றுவிடுகிறது. அதே நாளில் வைத்தியச் செலவும் வந்து சேருகிறது. சங்கங்களின் கடன் பேரேடுகளைப் பார்வையிடும் உத்தியோகத்தில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். தவணை தவறிய அங்கத்தினரை விசாரித்தால், வீட்டில் ஒருவருக்கு நேர்ந்த அறுவைச் சிகிச்சையே காரணம் என்று வெளிப்படுவது மிகப் பல தடவை. ஆகவே மருத்துவக் காப்பீடு என்பது பணக்காரர் விவகாரமன்று; நம் சங்கங்களின் கடன் வசூலையே தொடும் விஷயமாகும்.

முதற்கண் செய்ய வேண்டுவது, பணம் கொடுத்துப் பாலிசி வாங்குவதன்று. நமக்கு உரியதைப் பெறுவதாகும். தமிழ்நாட்டில் 2012 ஜனவரியில் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இன்று மத்திய அரசின் 2018-ஆம் ஆண்டுத் திட்டத்துடன் இணைந்து, குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பளிக்கிறது. 2022-இல் விதித்தபடி, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்தார் இதற்கு உரியவர். அவர்கள் பிரீமியம் கட்ட வேண்டுவதில்லை. வருமானச் சான்றும், குடும்ப அட்டையும், ஆதாரும் கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பதிவு மையத்தை அணுகலாம். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டு, நோயாளியைக் கட்டிலில் கிடத்திய பின்னர் சான்றுக்கு அலைவது எத்துணை இடர்! புதிய மருமகளும் பிறந்த குழந்தையும் குடும்ப அட்டையில் சேர்ந்துள்ளனரா என்பதையும் இப்போதே பார்த்துக்கொள்ளுதல் நலம்.

பழைய அட்டையை நம்பியிருப்பாரும் உளர். கைத்தறி நெசவாளர்க்கென 2005-இல் மத்திய அரசு ஏற்படுத்திய காப்பீடு ஆண்டுக்கு 15,000 ரூபாய் வரை உதவியது. புறநோயாளிச் செலவுக்கும் அதில் இடம் இருந்தது. அத்திட்டம் இப்போது இல்லை. பெட்டியில் இருக்கும் அட்டை நடப்பில் உள்ளதா என்று அறிந்துகொள்வது நம் பொறுப்பே.

நிற்க. வருமான வரம்பைக் கடந்த அங்கத்தினர் தனியே பாலிசி எடுக்க நேரும். தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத வரி 2025 செப்டம்பர் 22 முதல் நீங்கியிருக்கிறது. இது நல்ல வாய்ப்பு. ஆயினும் பிரீமியம் எவ்வளவு குறைவு, காப்புத் தொகை எவ்வளவு பெரிது என்ற இரண்டை மட்டும் பார்த்துக் கையெழுத்திடுதல் தகாது. அறை வாடகைக்கு வரம்பு உண்டா என்பதை முதலில் கேளுங்கள். உதாரணமாக, நாளொன்றுக்கு 3,000 ரூபாய் வரம்புள்ள பாலிசிதாரர் 6,000 ரூபாய் அறையில் தங்கினால், அறை வாடகையில் மட்டுமன்றி, டாக்டர் கட்டணம், அறுவைக்கூடக் கட்டணம் போன்றவற்றிலும் அதே விகிதப்படி பாதி வெட்டப்படலாம். அவை 1 லட்சம் ரூபாய் ஆனால் 50,000 ரூபாய் நம் தலையில் விழும். ஆகையால், வரம்புகள் மலிந்த பெரிய பாலிசியைவிட, வரம்பு குறைந்த சிறிய பாலிசியே மேல் என்பது என் கருத்து.

குடும்பத்தார் அனைவர்க்கும் ஒரே தொகையைப் பொதுவாக வைக்கும் பாலிசி, இளம் தம்பதியர்க்கும் குழந்தைகளுக்கும் சிக்கனமானது. வயது முதிர்ந்த பெற்றோரையும் அதிலேயே சேர்த்தால், மூத்தவர் வயதை ஒட்டிப் பிரீமியம் உயரும். அவர்களுக்குத் தனிப் பாலிசி எடுப்பதே பெரும்பாலும் நன்று.

நோயை மறைத்தல் கூடவே கூடாது. சர்க்கரை, இரத்த அழுத்தம் இருப்பதைச் சொன்னால் பிரீமியம் ஏறும் என்று அஞ்சி மறைப்பவர், கட்டிய பணம் முழுவதையும் பணயம் வைக்கிறார். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் 36 மாதங்களுக்கு மேற்படக் கூடாதென 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்துவிட்டது. உண்மையைச் சொல்லி, பாலிசியை இடைவிடாது புதுப்பித்து வந்தால், அதற்குப் பின் அந்நோய்க்கும் உதவி கேட்கும் உரிமை நமக்கு உண்டு. பாலிசி கைக்கு வந்த 30 நாட்களுக்குள் படித்துப் பார்த்து, பிடிக்காவிடில் திருப்பிவிடவும் இடமுண்டு. வாய்மொழியாகக் கேட்ட உறுதிகள் ஏட்டில் உள்ளனவா என்று பார்க்க அந்நாட்களைப் பயன்படுத்துக.

“அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கையில் காப்பீடு எதற்கு?” என்று கேட்பவர் உண்டு. மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனை தென் மாவட்டத்து ஏழைகளுக்குப் பெருந்துணை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவசர வேளையில் அருகிலுள்ள தனியார் மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் என் செய்வது? அதற்கே காப்பீடு. மேலும், பொதுவாகப் பாலிசிகள் அன்றாட மாத்திரைச் செலவையும், இழந்த கூலியையும் தருவதில்லை. மாத்திரைக்கு ஆரம்ப சுகாதார நிலையமும், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவமும் உள்ளன. கூலிக்கோ சேமிப்பு ஒன்றே வழி. ஆதலின் காப்பீடு வந்ததென்று சிக்கனச் சேமிப்பைக் கைவிடுதல் பெரும் பிழை.

இனி, சங்கங்களின் கடமை யாது? கர்நாடகத்தில் 2003-இல் செயற்பட்ட யசஸ்வினி திட்டம் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கென்றே அமைந்தது. ஆளுக்கு ஆண்டுக்கு 60 ரூபாய் என்ற சிறு சந்தாவுடன் தொடங்கி, அரசின் உதவியும் பெற்று, அறுவைச் சிகிச்சைச் செலவை ஏற்றது. 2018-இல் வேறு திட்டத்துடன் இணைக்கப்பட்டபின், 2022-இல் மீண்டும் தொடங்கப்பட்டது. தனித்து நின்றால் தாங்க இயலாத சுமையைப் பலர் பகிர்ந்தால் தாங்கலாம் என்பதல்லவா கூட்டுறவின் அடிப்படை? அத்தகைய திட்டம் நம்மிடையே வரும் வரையில், ஒவ்வொரு சங்கமும் ஒரு சிறு பணியைச் செய்யலாம். அங்கத்தினர் பதிவேட்டின் ஓரத்தில் ஒரு கலம் சேர்த்து, யாருக்கு அட்டை உண்டு, யாருக்கு இல்லை என்று குறிக்கட்டும். இல்லாதவர்களை ஒரே நாளில் அழைத்துச் சென்று பதிவு செய்விக்கட்டும். செலவு பஸ் கட்டணமே. அடுத்த பொதுக்குழுக் கூட்டத்திலேயே இதனைத் தீர்மானமாக நிறைவேற்றுமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.