பள்ளிக்கு எந்தப் படக்கருவி?



எங்கள் பள்ளியின் படக்கருவியை மாற்ற வேண்டிய வேளை வந்துவிட்டது. பெற்றோர் ஆசிரியர் சங்கம் இரண்டாயிரம் வெள்ளி ஒதுக்கியிருக்கிறது. எதை வாங்குவது என்று சென்ற கூட்டத்தில் பேசியபோது மூன்று கருத்துகள் எழுந்தன. கைப்பேசியே போதும் என்றார் ஓர் இளம் ஆசிரியர். இனி மிரர்லெஸ் கருவிகளுக்குத்தான் எதிர்காலம் என்றார் மாணவர் ஒருவரின் தந்தையார். மெகாபிக்சல் மிகுந்ததாகப் பார்த்து வாங்குங்கள் என்றார் மற்றொருவர். மூவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் என் முடிவு வேறு.

முதலில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் முன்னாள் மாணவி ஒருத்தியின் தந்தை என்னைத் தேடி வந்தார். லாரி ஓட்டுநர். அவருடைய மனைவி இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. "சார், பரிசளிப்பு விழாவில் மகளோடு அவள் மேடையில் நின்றாள், நீங்கள் படம் எடுத்தீர்களே, அது இருக்கிறதா?" என்று கேட்டார். படம் இருந்தது. திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் என் பிழை தெரிந்தது. பரிசுக் கோப்பை தெளிவாக இருந்தது. அந்த அம்மையார் மகள் பக்கம் திரும்பிச் சிரித்த முகம் கலங்கிப் போயிருந்தது. கோப்பின் விவரத்தைப் பார்த்தேன். ஷட்டர் வேகம் 1/15 வினாடி. அசையும் முகத்தைப் பிடிக்க அது போதாது. அவர் அந்தப் படத்தையே நன்றி சொல்லி வாங்கிச் சென்றார். எனக்குத்தான் மனம் ஆறவில்லை.

நம் வட்டாரத்தில் இது சிறிய செய்தி அன்று. 1883-ஆம் ஆண்டு அணை உடைந்து பழைய கோலா குபு வெள்ளத்தில் சிக்கியது. பிறகும் வெள்ளம் ஓயாததால், சார்ல்ஸ் ரீட் என்ற நகரமைப்பாளர் வரைந்த திட்டப்படி மேட்டு நிலத்தில் இன்றைய கோலா குபு பாரு எழுந்தது. ஊரே இடம்பெயர்ந்த ஊர் இது. சுற்றியுள்ள தோட்டங்களிலும் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயன் வீடுகள் பல மறைந்தன. மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தனர். அத்தகைய குடும்பங்கள் பலவற்றில் தாத்தா பாட்டியின் முகத்தைக் காட்டும் நல்ல படம் பள்ளி விழாவில் எடுத்ததாகவே இருக்கிறது. ஆகவே பள்ளிப் படக்கருவி விளம்பரப் பலகைக்கு மட்டுமான பொருள் அன்று.

இனி கருவிக்கு வருவோம். எங்களிடம் இருப்பது நிக்கான் டி90. 2008-இல் வெளிவந்த இக்கருவி, காணொளி எடுக்கக்கூடிய முதல் டி.எஸ்.எல்.ஆர். ஆகும். 12.3 மெகாபிக்சல். ஏ4 தாளில், அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற தரத்தில் அச்சிட ஏறத்தாழ 8.7 மெகாபிக்சல் போதும். ஆண்டு மலரில் முழுப்பக்கப் படம் போடவும் பழைய கருவியே போதும் என்பது இதனால் விளங்கும். மெகாபிக்சலை எண்ணிக் கருவி வாங்குவது, பக்கத்தை எண்ணி நூல் வாங்குவது போன்றது.

நம் குறை வெளிச்சத்தில் இருக்கிறது. பள்ளி மண்டபத்தின் குழல் விளக்கு, கோவில் திருவிழாவின் இரவு, மழை மூடிய பிற்பகல் ஆகியவைதாம் நாம் படம் எடுக்கும் வேளைகள். அன்று நான் பயன்படுத்திய 18-105 வில்லையின் துவாரம், தொலைவை நெருக்கிப் பார்க்கும்போது எஃப் 5.6 வரைதான் திறக்கும். அலமாரியிலேயே கிடந்த பழைய 50 மி.மீ. வில்லையோ எஃப் 1.8 வரை திறக்கும். கணக்கிட்டால் ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சம். அதைப் பூட்டிக்கொண்டு மேடை அருகே சென்றிருந்தால், அதே டி90-இலேயே அந்த முகம் தெளிந்திருக்கும். எனவே அந்தப் பிழையில் பெரும்பங்கு என்னுடையது. கருவியை மாற்றக் கிளம்பும் ஆசிரியர் முதலில் தம் அலமாரியைப் பார்க்க வேண்டும் என்பேன்.

அப்படியானால் உடற்பகுதியை ஏன் மாற்ற வேண்டும்? பெற்றோர் கூட்டத்துக்குப் பின்னால் நின்று எடுக்கும்போது 105 மி.மீ. தேவைப்படுகிறது. அன்றைய ஒளியில் 1/125 வினாடி வேகம் பெற ஐ.எஸ்.ஓ. 12,800 வேண்டும். டி90-இன் இயல்பான எல்லை 3,200. மேலும், அதன் ஷட்டர் ஒரு இலட்சம் சொடுக்குகளுக்குச் சோதிக்கப்பட்டது. எங்களுடையது அந்த எண்ணிக்கையை நெருங்கிவிட்டது.

எனவே என் பரிந்துரை, 2015-இல் வந்த நிக்கான் டி7200, அதுவும் பயன்படுத்தப்பட்டது. ஐ.எஸ்.ஓ. 25,600 வரை செல்லும். இரண்டு நினைவட்டைகள் ஏற்கும். ஒன்று பழுதானாலும் விழாப் படங்கள் மிஞ்சும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் உடலுக்குள் குவிய மோட்டார் இருக்கிறது. எங்கள் பழைய 50 மி.மீ. வில்லையில் மோட்டார் இல்லை. உடற்பகுதிதான் அதைத் திருப்பிக் குவிக்க வேண்டும். விலை குறைந்த டி3000, டி5000 வரிசைகளில் அந்த மோட்டார் கிடையாது. முழுச்சட்ட டி750-ஐ வாங்கினால் 18-105 வில்லைக்கு உணரியின் நடுப்பகுதி மட்டுமே பயன்பட்டு, ஏறத்தாழ 10 மெகாபிக்சல்தான் கிடைக்கும்.

மிரர்லெஸ் பற்றி அந்தத் தந்தையார் சொன்னது சரியே. தம் உச்சநிலை டி.எஸ்.எல்.ஆர். வரிசை 2020-இல் வந்த கருவியோடு முடிகிறது என்று கேனன் நிறுவனம் 2021 இறுதியில் அறிவித்தது. புதிதாகத் தொடங்கும் பள்ளி மிரர்லெஸ் வாங்கலாம். கேனன் வில்லைகள் வைத்திருக்கும் பள்ளியும் அப்படியே செய்யலாம், அவற்றின் இ.எஃப். வில்லைகளில் மோட்டார் உள்ளேயே இருப்பதால், இணைப்பு வளையம் பூட்டினால் தானியங்கிக் குவியம் தொடர்ந்து இயங்கும். எங்கள் 50 மி.மீ. வில்லைக்கு நிக்கானின் எஃப்.டி.இசட். வளையம் அந்த வசதியைத் தருவதில்லை. உலகம் டி.எஸ்.எல்.ஆரைக் கைவிடுவதால் நல்ல கருவிகள் நம் கைக்கெட்டும் விலைக்கு வருகின்றன. அதைப் பயன்படுத்திக்கொள்வதில் தவறில்லை.

கைப்பேசியை நான் இகழவில்லை. வகுப்பறைக்கு அது நன்று. ஆனால் ஆசிரியர் மாற்றலாகிப் போனால் படங்களும் அவரோடு போய்விடுகின்றன. பள்ளியின் கருவியும் பள்ளியின் வன்தட்டும் பள்ளியிலேயே இருக்கும்.

பழைய கருவி வாங்குவோர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். ஷட்டர் எண்ணிக்கையைக் கேளுங்கள். துவாரத்தை எஃப் 16-க்குச் சுருக்கி வெள்ளைச் சுவரைப் படம் எடுங்கள். உணரியிலுள்ள தூசு கரும்புள்ளியாகத் தெரியும். உங்கள் வில்லையைக் கையோடு கொண்டுபோய்ப் பூட்டிப் பாருங்கள். வில்லையும் வாங்குவதாயின் விளக்கொளியில் பிடித்துப் பூஞ்சை உண்டா என்று நோக்குங்கள். மலையடிவார ஈரத்தில் பூஞ்சை விரைவில் பற்றும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு காற்றுப் புகாப் பெட்டியில் வையுங்கள். டி90-இன் மின்கலம் டி7200-க்குப் பொருந்தாது. மாற்று மின்கலத்துக்கும் கணக்கில் இடம் விடுங்கள்.

ஒதுக்கிய பணம் முழுவதையும் கருவிக்கே செலவிட வேண்டாம் என்றும் சங்கத்திடம் கேட்டிருக்கிறேன். ஒரு பங்கு வன்தட்டுக்கு. ஒரு பங்கு அச்சிடுவதற்கு. ஒவ்வொரு விழாவுக்குப் பின்னும், படத்தில் இருப்பவர் பெயரைக் கோப்பில் எழுதி வைப்போம். பரிசு பெறும் பிள்ளையோடு மேடைக்கு வரும் தாய் தந்தையருக்கும் ஒரு படம் அச்சிட்டுத் தருவோம்.

அடுத்த பரிசளிப்பு விழாவில் நான் மேடைக்கு அருகில்தான் நிற்பேன், 50 மி.மீ. வில்லையோடு.