பழியைச் சுமக்கும் வேப்பமரம்

வீட்டோரத்து வேப்பமரத்தை வெட்டிச் சாய்க்கிறவர்களிடம் காரணம் கேட்டால், வேர் சுவரைப் பெயர்க்கிறது என்பார்கள். கூடவே, "மாடி பூரா இலை, குழாய் அடைச்சுக்குது" என்பார்கள். முதல் புகாரில் சில இடங்களில் நியாயம் உண்டு. இரண்டாவதற்காக ஒரு மரம் உயிரை விட வேண்டியதே இல்லை. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையின் மரங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்துவிட்டுப் போனது. மிஞ்சிய நிழலையும் ஒரு நாலு அங்குலக் குழாய்க்காக இழப்பது கொடுமை. இலை உதிர்வது மரத்தின் இயல்பு. அது குழாய்க்குள் இறங்காமல் தடுப்பது வீட்டுக்காரரின் வேலை.

மொட்டை மாடியைக் கொத்தனார் ஒரே மட்டமாக விடுவதில்லை. தட்டோடு பதிக்கும்போதே ஒரு மூலையை நோக்கி வாட்டம் கொடுத்து, கைப்பிடிச் சுவரின் அடியில் குழாயின் வாயை வைப்பார். தண்ணீரை அங்கே கொண்டுபோகிற அதே வாட்டம்தான் மற்ற எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது: மாசி, பங்குனியில் கொட்டும் வேப்பிலை, சித்திரையில் உதிரும் பூ, ஆடிக் காற்று வாரி வரும் மண், புறா கூடு கட்டக் கொண்டுவந்த குச்சி, பிள்ளைகள் தொலைத்த டென்னிஸ் பந்து. இவை போதாதென்று தீபாவளி. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்குகிறது; பண்டிகையும் அதை ஒட்டியே வருகிறது. சரவெடியின் காகிதத் துகள் நனைந்து கூழானால், இலைகளுக்கு நடுவே மிச்சமிருந்த இடுக்கும் அடைபட்டுவிடும்.

அந்த மூலையில் உட்கார்ந்து குப்பையைக் கையால் பிரித்துப் பார்க்க வேண்டும். வேப்பமரத்தின் சிற்றிலைகள் காய்ந்து நொறுங்கித் தூளாகியிருக்கும். அவற்றைத் தாங்கிய ஈர்க்குகள் மட்டும் நொறுங்காமல், கோரைப் பாய் போல ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். அதன்மேல் மண் படிந்துவிட்டால் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். நாட்டு வாதுமை மரத்தின் சேதி வேறு. அதன் அகன்ற இலை ஒன்று நனைந்து, குழாய் வாயில் பதித்த தட்டையான ஜாலியின் மேல் படிந்தாலே போதும், பாதி வாய் அடைந்துவிடும்.

ஆயிரம் சதுர அடி மாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் சேரும் தண்ணீர் ஏறத்தாழ 9,300 லிட்டர். அதாவது ஒன்பது டன்னுக்கும் மேல். தாம்பரத்தில் 2015 டிசம்பர் தொடக்கத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. கொட்டியது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பெய்தது. இப்படிப்பட்ட மழை நாளில் அடைபட்ட மாடியில் தண்ணீர் குளமாக நின்று, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் விளிம்பில் வழி தேடும். சில நாளில் படுக்கையறைச் சுவரில் ஓதம் தெரியும். உள்ளே கம்பி துருப்பிடிக்கும். துரு ஏறிய கம்பி பருத்து, தன்னை மூடியிருக்கும் காரையை வெளியே தள்ளும். கூரை பெயர்ந்து விழுகிறது என்று பல வருடம் கழித்து ஆளைக் கூப்பிடுகிறவர்கள் பலருக்கு, தொடக்கம் எங்கே என்று தெரிவதில்லை.

மழை விட்ட பிறகும் தொல்லை தீர்வதில்லை. மட்கும் இலை கிடக்கும் நீரின் வாசனை முட்டையிட வரும் கொசுவை ஈர்க்கிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து சிறகு முளைத்துப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீர் வற்றினாலும் ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும்.

தமிழகத்தில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அதற்கு முந்தைய ஆண்டே சேகர் ராகவனின் ஆகாஷ் கங்கா அறக்கட்டளை, மாடித் தண்ணீரைக் கிணற்றுக்குள் இறக்குவதை மக்களுக்கு நேரில் காட்ட, சென்னை மந்தைவெளியில் மழை மையத்தைத் தொடங்கியிருந்தது. அந்த முயற்சியெல்லாம் மாடி மூலையின் சுத்தத்தை நம்பியே நிற்கிறது. இலையும் மண்ணும் இறங்கினால் வடிகட்டும் தொட்டியில் நிரப்பிய கூழாங்கல்லும் மணலும் சேறாகிவிடும். பிறகு தண்ணீர் மண்ணுக்குள் போகாமல் தெருவுக்கு வழியும். ஆகவே பருவத்தின் முதல் மழைத் தண்ணீரை வெளியே விட்டு, மாடி கழுவப்பட்ட பிறகே தொட்டிக்குத் திருப்ப வேண்டும்.

தடுக்கும் வழி எளியது. தட்டை ஜாலியைக் கழற்றிவிட்டுக் குமிழ் வடிவ ஜாலியைப் பொருத்தலாம். இலைகள் அதன் அடியைச் சுற்றிச் சேர்ந்தாலும் மேல் பக்கத் துளைகள் வழியே தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும். கொசுவலையை மடித்துக் கட்டுவது தவறு. நுண்ணிய கண்களைத் தூசியே அடைத்துவிடும். குழாய் திரும்பும் இடத்தில் சாதாரண பெண்டுக்குப் பதிலாக, மூடி உள்ள டோர் பெண்ட் போடச் சொல்ல வேண்டும். உள்ளே எது சிக்கினாலும் மூடியைத் திறந்து எடுத்துவிடலாம். பழைய வீடுகளில் சுவரைத் துளைத்து நேராக வெளியே நீட்டிய தூம்பு இருந்தது. சிக்கிய இலை கண்ணுக்குத் தெரிந்தது, குச்சியால் தள்ளினால் விழுந்தது. மூன்று மாடி இறங்கும் பிவிசி குழாயில் அடைப்பு எங்கே என்றே தெரியாது. அதனால் தளத்திலிருந்து சில அங்குல உயரத்தில் சுவரில் ஓர் உபரித் துளை வைப்பது நல்லது. குழாய் அடைத்தால் தண்ணீர் அதன் வழியாக வெளியே கொட்டி வீட்டாருக்குத் தெரியப்படுத்தும்.

தகரக் கூரை போட்டவர்கள் விளிம்பு வாய்க்காலின் மேல் கம்பிவலை பொருத்தலாம். ஆனால் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் மேல் காலை வைக்கக் கூடாது. அது எச்சரிக்காமல் உடையும், உயிரே போகும்.

அடுக்ககங்களில் மாடி எல்லோருக்கும் பொது. அதனாலேயே பெருக்க யாரும் முன்வருவதில்லை. புரட்டாசி முடிவதற்குள் ஒரு முறை, தீபாவளிக்கு மறுநாள் ஒரு முறை, பெருமழை விட்டதும் ஒரு முறை என்று பெருக்கும் வேலையைச் சங்கத்தின் மாதச் செலவிலேயே, தக்க கூலியோடு சேர்த்துவிடலாம். வாரிய இலையைக் கொளுத்த வேண்டாம். தொட்டிச் செடிக்கு மக்கு உரமாகும். பெருக்கி முடித்ததும் குழாயின் வாயில் இரண்டு வாளித் தண்ணீரை வேகமாக ஊற்றிப் பார்க்க வேண்டும். சுழன்று இறங்கினால் பாதை திறந்திருக்கிறது. குமிழியிட்டு மேலே ஏறினால் பெண்டில் ஏதோ சிக்கியிருக்கிறது. பிளம்பரை மழைக்கு முன்பே அழைத்துவிடலாம். அப்படியும் கிளை மாடிமேல் சாய்கிறது என்றால், அந்தக் கிளையை மட்டும் கழித்தால் போதும்.